பம்புக்காரரின் காற்றடைப்பு

பம்புக்காரருக்கு நெஞ்சு வலி என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. காற்றடைப்பு என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்படி எல்லோரையும் பழக்கியவர் அவரேதான்.

“பம்பு எப்ப தட்டும்? குழாய்ல காத்துப் புகுந்தா தட்டும். காத்தை வெளியேத்திட்டா சத்தமில்லாம ஓடும். மனுஷ உடம்பும் அதேதான். பெரிய வித்தியாசம் ஒண்ணும் கிடையாது” என்று பட்டறை வாசலில் நின்று, மோட்டார் கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுப்பார். வாய் விளக்கிக்கொண்டிருக்கும்போது இடது கை நெஞ்சை நீவிக்கொண்டிருக்கும். கைக்கு அந்த விளக்கத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை போலிருந்தது.

அந்தக் கோடையில் நிலத்தடி நீர் கீழே கீழே போய்விட்டது. தண்ணீர் கிடைக்காத மோட்டார்கள் வெறுங்காற்றை இழுத்து இழுத்துச் சூடேறி, உள்ளே கம்பிச்சுருள் கருகி, கைவண்டியிலும் பைக்கின் பின்சீட்டிலுமாகப் பட்டறைக்கு வந்து இறங்கின. வீட்டின் முன்னறைதான் பட்டறை. பின்னறை சமையலுக்கு. இரண்டுக்கும் நடுவில் கதவு என்ற பெயரில் ஒரு பழைய போர்வை தொங்கியது. வார்னிஷ் வாடை அடுப்படிக்குப் போகும், பூண்டு வாடை பட்டறைக்கு வரும். சோற்றில் எந்த வாடை, மோட்டாரில் எந்த வாடை என்று அந்த வீட்டில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஜன்னலோரம் மகள் உட்கார்ந்து கைச்சக்கரத்தில் செம்புக்கம்பி சுற்றுவாள். சுற்றை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். எண்ணிக்கை பிசகினால் மோட்டார் ஓடிய முதல் நாளே புகையும். அதனால் அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் உடனே வராது. ஒரு கட்டு முடிந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். பதில் மட்டும் தபாலில் வந்ததுபோல் தாமதமாக, சரியான விலாசத்துக்கு வந்து சேரும்.

பம்புக்காரர் தொழிலில் கெட்டிக்காரர். அதை மற்றவர்கள் சொல்வதற்கு அவர் இடம் வைத்ததில்லை. எந்தப் பம்பைத் திறந்தாலும் முதலில் கேட்கும் கேள்வி, “இதை யாரு தொட்டது?” என்பதுதான். ஊரில் உள்ள மற்ற மெக்கானிக்குகள் எல்லோரும் அந்த ஒரு வாக்கியத்தில் செத்துச் செத்துப் பிழைத்தவர்கள்.

“சீல் மாத்தியிருக்கான், பேரிங்கை மாத்தியிருக்கான், வால்வையும் மாத்தியிருக்கான். எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா எதனால சரியாச்சுன்னு எவனுக்குத் தெரியும்? ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். மாத்தி, ஓட்டிப் பாத்து, அப்புறம்தான் அடுத்தது. அதுக்குப் பேருதான் வேலை. மத்ததெல்லாம் வித்தை காட்டறது.”

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு காலையில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது நெஞ்சின் நடுவில் யாரோ அம்மிக்கல்லைக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. தாடை கனத்தது. இடது கை மரத்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கல்லை வைத்தவரே வந்து எடுத்துக்கொண்டு போனதுபோல் போய்விட்டது.

“காத்து” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாளும் வந்தது. தெருவுக்குச் செய்தி போனது. தையல்காரர் பூண்டைப் பாலில் வேகவைக்கச் சொன்னார். ரொட்டிக்கடைக்காரர் இஞ்சிச் சாறு அனுப்பினார். எதிர்வீட்டு டீச்சர் கொத்தமல்லி விதையை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார். பம்புக்காரர் ஒருவரையும் ஏமாற்றவில்லை. எல்லாவற்றையும் குடித்தார். வலி வரும்போது உட்கார்ந்து, ஒரு கோப்பை எதையாவது ஊதி ஊதிக் குடிப்பார். முடிப்பதற்குள் வலி போய்விடும். அன்று எது கோப்பையில் இருந்ததோ அதற்கு நல்ல பெயர் வந்துவிடும். தையல்காரரும் ரொட்டிக்கடைக்காரரும் சந்தித்துக்கொண்டால் ஒருவரையொருவர் போட்டி டாக்டர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள்.

இவர்கள் எல்லோரையும் ஓரங்கட்டியவர் பம்புக்காரர் மனைவியின் அண்ணன். தெருவில் அவருக்கு ‘ஆராய்ச்சி’ என்று பெயர். ஏதோ ஒரு அலுவலகத்தில் ரப்பர் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கையில் போன் வந்தது, போனில் உலகம் வந்தது. அதிலிருந்து, “ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்க” என்று ஆரம்பிக்காமல் அவர் எதையும் சொல்வதில்லை. மழை வரும் என்பதைக்கூட நிரூபித்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்.

அவர் ஒரு டப்பாவோடு வந்தார். நல்ல செம்மண் நிறத்தில் பொடி.

“மருதம்பட்டை, மாப்ளே. இதயத்துக்குன்னே படைச்சது. ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்க.”

“இதயம் எதுக்கு மச்சான்? எனக்குக் காத்துதானே?”

“காத்தும் போகும், இதயமும் பலப்படும். ஒரே கல்லு.”

“யாருக்கண்ணே குடுத்துப் பாத்தாங்க?” என்று பம்புக்காரர் மனைவி போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

“யாருக்குன்னா? விஞ்ஞானிங்க முறைப்படி எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க. எலிக்கு அவ்வளவு பிரமாதமா வேலை செஞ்சிருக்கு. பக்க விளைவு துளி கிடையாது. மூலிகைக்கு எங்க இருந்து பக்க விளைவு வரும்? அது இயற்கை.”

“எலிக்கும் எனக்கும்…” என்று பம்புக்காரர் இழுத்தார்.

“மாப்ளே, உங்களுக்கே தெரியும். சின்னப் பம்பு, பெரிய பம்பு, வேலை ஒண்ணுதானே?”

தன் உவமையே தன்னை நோக்கி வந்ததும் பம்புக்காரர் தலையாட்டிவிட்டார். பேச்சு வேறு எங்கோ போய், தண்ணீர்ப் பஞ்சத்தில் புகுந்து, லாரித் தண்ணீரின் தரத்தில் நின்றுகொண்டிருந்தபோது, ஜன்னலோரத்திலிருந்து மகளின் குரல் வந்தது.

“எலி மோட்டார் தூக்குச்சா, மாமா?”

ஆராய்ச்சிக்கு ஒரு நிமிடம் எந்த எலி என்றே புரியவில்லை.

எப்படியோ, பட்டைப்பொடி நிலைத்துவிட்டது. கசப்பாக இருந்ததால் அது மருந்துதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வலி போனது. ஆராய்ச்சி போகிற இடமெல்லாம் மாப்பிள்ளையை ஆதாரமாகக் காட்டினார். எலிக்கு அடுத்த இடம் இப்போது பம்புக்காரருக்கு.

கோடை நடுவில் டப்பா காலியாகிவிட்டது. ஆராய்ச்சி ஊரில் இல்லை. எங்கோ மூலிகை மாநாடு, அங்கே கைதட்டப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டாரை இறக்கிவைத்த பம்புக்காரர் பெஞ்சில் தடாலென்று உட்கார்ந்து, “ஏய், கஷாயம்!” என்று குரல் கொடுத்தார்.

மனைவிக்குக் கை ஓடவில்லை. அடுப்பின் மேல் பாத்திரத்தில் காலையில் வடிகட்டிய தேயிலைச் சக்கை கிடந்தது. அதிலேயே தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, பழுப்பாக வந்ததும் ஊற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஊதிக் குடித்தார். சப்புக்கொட்டினார்.

“இன்னிக்குச் சரக்கு தரமா இருக்கு. உங்கண்ணன் கடையை மாத்தியிருக்காரு.”

நெற்றி வியர்வை அடங்கியது. எழுந்து ஸ்பேனரை எடுத்தார்.

அவள் போர்வைக்குப் பின்னால் வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த தடவை தேயிலைச் சக்கைகூடப் போடவில்லை. ஃபிளாஸ்க் மூடியில் வெறும் வெந்நீர். “இது வெள்ளைப் பட்டைங்க. நிறம் கம்மி, வீரியம் அதிகமாம்” என்று அண்ணன் குரலிலேயே சொன்னாள். வலி போனது. அதற்கடுத்த தடவை, அவர் கூப்பிட்டபோது கேட்காத மாதிரி கொஞ்ச நேரம் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெந்நீரோடு வெளியே வந்தபோது அவர் நெஞ்சை விட்டுவிட்டு, போனில் யாரையோ வால்வு விஷயமாகத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டி முடித்துவிட்டு, வெந்நீரை வாங்கிக் குடித்தார்.

“பாத்தியா? போயிடுச்சு.”

பொடி வேலை செய்யவில்லை என்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இல்லை. பொடிக்குப் போகிற வலி என்றால் அது காற்று என்று நம்பலாம். பளு தூக்கினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது என்றால் அது காற்று இல்லை. அவரை உட்காரச் சொல்லி உள்ளேயிருந்து யாரோ கெஞ்சுகிறார்கள்.

மகளிடம் சொன்னாள். மகள் கம்பியை ஆணியில் மாட்டி, எண்ணிக்கையைச் சுவரில் சாக்கட்டியால் குறித்துவிட்டு, முதன்முறையாக வேலையின் நடுவில் பதில் சொன்னாள்.

“அப்பாகிட்ட சொல்லிடும்மா.”

“சொன்னா? இவ்வளவு நாள் ஏமாத்தினியான்னு குதிப்பாரு. மாமா வந்து வெந்நீருக்கும் ஆராய்ச்சி இருக்குன்னுவாரு.”

“அதுக்காகவா சொல்லாம இருக்க?”

அவள் ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள்.

“சொல்லிட்டா அப்புறம் அது காத்து இல்லைன்னு ஆயிடும்லடி” என்றாள்.

ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுக்கிறவர்களைப் பம்புக்காரர் எப்படி மடக்குவார் என்று தெருவுக்கே தெரியும். “அந்த ஆஸ்பத்திரிக்கே தண்ணி ஏத்திக் குடுக்கறவன் நான். டாக்டருங்க கை கழுவறதே என் தயவுல” என்பார். அது உண்மைதான். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பம்புகள் எல்லாம் அவர் பொறுப்பு. பின்கேட் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறார். முன்வாசலை மிதித்ததில்லை.

அங்கிருந்தே அழைப்பு வந்தது. மொட்டைமாடிப் பம்பு அதிர்கிறது, உடனே வர வேண்டும் என்றார்கள். பம்புக்காரர் சட்டையை மாற்றினார். மகள் கருவிப்பையை எடுத்தாள். மனைவியும் ஃபிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள்.

“நீ எதுக்கு?”

“கஷாயத்தை யாரு தூக்கிட்டு வருவா?”

பம்புக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இருந்தது. “அது சீக்காளிங்களுக்கு” என்று சொல்லிவிட்டுப் பம்புக்காரர் படியில் ஏறினார். சுவர்களில் பெரிய பெரிய இதயங்களின் படம். சிவப்பும் நீலமுமாக, கிரீடம் மட்டும்தான் குறை. ஒவ்வொன்றின் கீழும், ‘உங்கள் இதயம் எங்கள் இதயத்தில்’ என்று எழுதியிருந்தது. எந்த இதயத்தில் எந்த இதயம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே ஏறியவர், பாதியில் கைப்பிடியைப் பிடித்து நின்றார். பிறகு மெதுவாகப் படியிலேயே உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்துவிட்டது.

“குடு” என்று கையை நீட்டினார்.

மனைவி ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். வீட்டின் அரைவெளிச்சத்தில் தெரியாதது, ஆஸ்பத்திரியின் வெள்ளை விளக்கில் தெரிந்தது. மூடியின் அடிப்பகுதி வரைக்கும் பளிச்சென்று பார்க்க முடிந்தது.

“என்னடி இது, வெந்நீர்?”

“ஆமாங்க.”

“கஷாயம் எங்க?”

“இதான் கஷாயம். பொடி தீந்ததுலேருந்து இதான். முதல் நாள் மட்டும் தேயிலைச் சக்கை. அன்னிக்குத்தான் சரக்கு தரம்னீங்க.”

“விளையாடறியா? புருஷன் உசுரோட…”

“நீங்கதானே சொல்வீங்க, ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்னு?” அவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். “நான் பொடியை எடுத்தேன். வலி போச்சு. நிறத்தை எடுத்தேன். போச்சு. வெந்நீரையே வேணும்னு லேட்டாக் கொண்டாந்தேன். அப்பவும் போச்சு. நான் மாத்தாதது ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு தடவையும் நீங்க உக்காந்தீங்க. பூண்டுக்கும் உக்காந்தீங்க, இஞ்சிக்கும் உக்காந்தீங்க. அதை யாரும் மருந்துன்னு எண்ணவே இல்லீங்க.”

பம்புக்காரர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே இருந்தது. கையில் மூடி நிறைய வெந்நீர். அதிலிருந்து அவர் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. வலி போயிருந்தது.

அந்த வெந்நீரைப் பார்த்தார். பட்டறையில் எவனெவனையோ பிடித்துப் பாடம் எடுத்த தவறை, தன் சொந்த நெஞ்சில் கோடை முழுக்கச் செய்துகொண்டிருந்திருக்கிறார். இந்தத் தடவை ‘இதை யாரு தொட்டது’ என்று கேட்கவும் வழியில்லை.

“அப்ப… காத்து இல்லையா?”

“எனக்கு என்னங்க தெரியும்? தெரிஞ்சவங்க கீழ இருக்காங்க.”

“மேல பம்பு வேலை கெடக்கு.”

மகள் கருவிப்பையை மறுதோளுக்கு மாற்றினாள். “பம்பை நான் பாத்துக்கறேன். நீங்க லிஃப்ட்ல போங்கப்பா. சீக்காளிங்களுக்குத்தானே அது?”

கீழே, பம்புக்காரரின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, தாளில் கோடு எடுத்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா வந்தார். ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவர்போல் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். வயதும் குறைவு. பம்புக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. பம்பு, குழாய், காற்று என்று தன் விளக்கத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னார். டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

“நல்லாத்தான் சொல்றீங்க. பம்பைத் திறந்து பாத்தீங்களா?” என்றார்.

“எப்படிம்மா திறக்கறது?”

“திறக்காமலே பாக்கலாம். இடது பக்கமாத் திரும்பிப் படுங்க.”

குளிர்ந்த களிம்பைத் தடவி, கையடக்கமான ஒரு கருவியை விலா எலும்புகளுக்கு நடுவில் அழுத்தினார். திரையை அவர் பக்கம் திருப்பினார். முதலில் மழைக்காலத்து டிவிபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. டாக்டரம்மா கையை லேசாகச் சாய்த்தார். புள்ளிகளுக்குள்ளிருந்து அது வந்தது.

சுவரில் பார்த்த சிவப்புப் பொம்மை இல்லை. இருட்டுக்குள் நான்கு அறைகள். சுவர்கள் நெருங்கி வந்து, முறுக்கிப் பிழிந்து, விலகின. நடுவில் நூல் மாதிரி இரண்டு இதழ்கள். திறந்தன, மூடின. திறந்தன, மூடின. யாரும் சுவிட்சைப் போடவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றி ஏற்றவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தபோதும், மனைவியைத் திட்ட வாயெடுத்தபோதும், எவனையோ வால்வுக்காகப் போனில் ஏசியபோதும் அது இப்படியே செய்துகொண்டிருந்திருக்கிறது.

“இது… நானா?” என்றார்.

“நீங்கதான்.”

“அந்த ரெண்டு இலை?”

“வால்வு. ஒரு பக்கம் மட்டும்தான் திறக்கும்.”

பம்புக்காரர் வாழ்க்கையில் பார்த்த வால்வுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பித்தளை, வார்ப்பிரும்பு, ரப்பர். எல்லாம் தேயும், ஒழுகும், மணல் சிக்கும். இது வெறும் தோல்போல் இருந்தது. அவர் பிறப்பதற்கு முன்பே, அம்மா வயிற்றிலிருந்தே ஆடிக்கொண்டிருக்கிறது. கிரீஸ் கிடையாது. ஓய்வு கிடையாது.

“என்ன ஹெச்பி இருக்கும்மா?” குரல் தாழ்ந்திருந்தது. பெரியவர்கள் தூங்கும் அறையில் பேசுகிறமாதிரி.

டாக்டரம்மா சிரித்தார். “ஹெச்பி எல்லாம் இல்லீங்கய்யா. ஒரு வாட், அதுக்கு மேல கொஞ்சம். அவ்வளவுதான்.”

“வாட்டா?”

“வாட்டுதான். அதுல ஒரு நாளைக்கு ஏழாயிரம் லிட்டர் கிட்ட ஏத்தி இறக்குது. உங்க கையை மூடினா எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு சைஸ்.”

பம்புக்காரர் தன் கையை மூடிப் பார்த்தார். விரலிடுக்கில் கிரீஸ். அந்தக் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு பேசியிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் தொழில் புத்தி விடுமா? திரையை உற்றுப் பார்த்துவிட்டு, விரலை நீட்டினார்.

“அந்த மூலை இழுக்கல. அதானே கோளாறு?”

“அது நான் கருவியைச் சாய்ச்சதால அப்படித் தெரியுது. இந்த இடம் நல்லா இருக்கு. இங்க பாருங்க” என்று டாக்டரம்மா வேறொரு சுவரைக் காட்டினார். எல்லாச் சுவரும் துள்ளி உள்ளே வரும்போது, அது மட்டும் ஒரு எட்டு பின்தங்கி வந்தது. “இதுக்குப் போற குழாய்ல அடைப்பு இருக்கலாம்.”

“பம்புக்கே குழாயா?”

“ஊருக்கெல்லாம் குடுக்கற பம்பு இல்லையா? அதுக்கும் தாகம் எடுக்கும்ல? அதுக்குன்னு தனியா மெல்லிசா ரத்தக்குழாய் இருக்கு. நீங்க படியேறும்போது அதுக்குக் கூடுதலா வேணும், கிடைக்கல. வலிக்குது. உக்காந்தா தேவை குறையுது. வலி போயிடுது.”

தலைமாட்டில் நின்றிருந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். கெஞ்சியது யாரென்று தெரிந்துவிட்டது.

பூண்டு, இஞ்சி, எலி, வெந்நீர் என்று எல்லாக் கதையையும் அவள்தான் டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா கருவியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “சரியாத்தான் பாத்திருக்கீங்க. ஆராய்ச்சியிலயும் இதான் வழி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே ஒண்ணு. ஆனா அம்மா, அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும். வெந்நீர் குடுத்துக் குடுத்துச் சோதிச்ச நாள்ல இவர் போயிருக்கலாம்.” அவள் தலைகுனிந்தாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஆராய்ச்சி வந்தார். செய்தி கேட்டு மாநாட்டிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் புது டப்பா.

“டாக்டர், இவருக்கு நான் மருதம்பட்டை குடுத்துட்டு வர்றேன். உங்க படிப்புல இதையெல்லாம் ஒத்துக்க மாட்டீங்க, தெரியும். ஆனா ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்க.”

சண்டைக்குத் தயாராக மார்பை நிமிர்த்தி நின்றார். டாக்டரம்மா டப்பாவை வாங்கித் திறந்து மோந்து பார்த்தார்.

“எலிக்கு மட்டும் இல்ல சார், மனுஷங்களுக்கும் குடுத்துப் பாத்திருக்காங்க. நெஞ்சுவலிக்காரங்களுக்கே. சிலதுல வலி கொஞ்சம் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது.”

எதிரியே கதவைத் திறந்துவிட்டதில் ஆராய்ச்சி தடுமாறிப்போனார். “பாத்தீங்களா, பாத்தீங்களா…”

“ஆனா எல்லாம் கொஞ்சம் பேரை வெச்சு, கொஞ்ச நாள் பாத்தது. பெரிசாப் பண்ணினா நிக்குமான்னு தெரியாது. அடைப்பைக் கரைச்சதா யாரும் காட்டல. பூண்டு ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும்னு சொல்றாங்க. இஞ்சி குமட்டலுக்கு நல்லது, நெஞ்சுக்கு இல்ல. நான் இப்ப ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுக்கப் போறேன். அதோட பூண்டையும் இஞ்சியையும் மருந்தா அள்ளிப் போட்டா, ரத்தக் கசிவுக்கு வழி பண்ணின மாதிரி ஆயிடலாம். அதனால எதைக் குடிச்சாலும் என்கிட்ட மறைக்காதீங்க.”

“மூலிகைதானே டாக்டர்? அதுல பக்க விளைவு…”

“ஒரு செடி இருக்கு சார். பூ, விரல்ல மாட்டற உறை மாதிரி இருக்கும். இதயம் சோர்ந்து கால் வீங்கினவங்களுக்கு அந்த இலையைக் காய்ச்சிக் குடுத்திருக்காங்க. ஒரு டாக்டர் வருஷக்கணக்கா உக்காந்து பாத்தாரு, யாருக்கு எவ்வளவு குடுத்தா என்ன ஆகுதுன்னு. அதுலேருந்து வந்த மருந்து இன்னிக்கும் என் வார்டுல இருக்கு.”

“அதைத்தான் நான் சொல்றேன்!”

“கொஞ்சம் கூடினா அதே இலை இதயத்தை நிறுத்திடும்.”

ஆராய்ச்சி டப்பாவைத் திரும்ப வாங்கி, மூடியை இறுக்கித் திருகினார். அவ்வளவு இறுக்கம் அந்த மூடிக்குத் தேவையில்லை.

டாக்டரம்மா பம்புக்காரரிடம் திரும்பினார். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைவிட்டு, இதயம் வரைக்கும் போய், அடைப்பு எங்கே என்று படம் பிடிக்க வேண்டும். சின்னதாக ஒரு பலூனால் அதைத் திறந்து, வலைமாதிரி ஒன்றை வைக்க வேண்டியிருக்கும் என்றார். ஆபத்து இருக்கிறது, குறைவு. செய்யாவிட்டால் ஆபத்து அதிகம் என்றார். யோசித்துச் சொல்லச் சொன்னார்.

மனைவி பம்புக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று எழுந்து நடந்துவிட்டால் அவளால் பிடித்து நிறுத்த முடியாது. கொடுத்து ஏமாற்ற வெந்நீரும் இனி இல்லை.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றார் பம்புக்காரர். “வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எப்ப நிறுத்துவீங்க?”

“எதை?”

“பம்பை.”

“நிறுத்த மாட்டோம்.”

“நிறுத்தாமலா?”

“ஓடும்போதேதான். நீங்களும் முழிச்சுத்தான் இருப்பீங்க.”

பம்புக்காரரின் தொழிலில் முதல் பாடம், தொடுவதற்கு முன்னால் சுவிட்சை அணை என்பதுதான். அதை மறந்த ஒருவனுக்கு விரல் போனதை அவரே பார்த்திருக்கிறார். ஓடுகிற பம்புக்குள், அதுவும் இப்படித் துள்ளுகிற ஒன்றுக்குள், கம்பியை விட்டு, அதை ஒரு துள்ளல்கூடத் தவறவிடாமல் குழாயைத் திறக்கப் போகிறார் இந்தக் கேன்வாஸ் ஷூ. அவர் டாக்டரம்மாவின் கைகளைப் பார்த்தார். சின்னக் கைகள், நகம் ஒட்ட வெட்டியிருந்தது.

“செய்யுங்கம்மா” என்றார். “நான் பாக்கலாம்ல?”

மறுநாள் காலை அவர் பார்த்தார். சாய்ந்த மேஜையில் படுத்துக்கொண்டு, தலைக்கு அருகில் தொங்கிய திரையில் பார்த்தார். மருந்தைச் செலுத்தும்போதெல்லாம் ஒரு மரம் தோன்றியது. இலை உதிர்ந்த கறுப்பு மரம். துடிப்புக்குத் துடிப்பு அதன் கிளைகள் எல்லாம் ஒன்றாக வளைந்து நிமிர்ந்தன. மறுகணம் மறைந்தது. ஒரு கிளை மட்டும் நடுவில் நூலாக இளைத்து, அதற்கப்பால் வெறும் நிழலாக இருந்தது. கம்பி போயிற்று. பலூன் உப்பியது. அந்த நேரம் நெஞ்சில் பழைய கல் வந்து உட்கார்ந்தது. அவர் மூச்சுக்கூட விடவில்லை. பலூன் சுருங்கியது. கல் போயிற்று. மறுபடி மருந்தைச் செலுத்தியபோது இளைத்த இடம் காணவில்லை. நிழலாக இருந்த இடத்திலெல்லாம் கிளை விட்டு, கிளைக்குக் கிளை விட்டு, மரம் நுனிவரைக்கும் கறுத்தது.

“தெரியுதாய்யா?” என்று முகமூடிக்குள்ளிருந்து டாக்டரம்மா கேட்டார்.

“கண்ணாடி போடல. கலங்கலா இருக்கு” என்றார் பம்புக்காரர். அவருக்குத் தூரத்துப் பார்வையில் எந்தக் கோளாறும் கிடையாது.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் வெயில் கொளுத்தியது. பட்டறையில் மோட்டார்கள் வரிசைகட்டிக் காத்திருந்தன. மகள் ஜன்னலோரத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். மனைவி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். பம்புக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விசாரிக்க வந்தவர்களிடம் அவர் ஒன்றும் விளக்கவில்லை. தையல்காரர் வற்புறுத்திக் கேட்டதற்கு, “ஓடுதுப்பா” என்று மட்டும் சொன்னார். அவ்வளவு சின்னப் பதிலை அந்தப் பட்டறையில் யாரும் கேட்டதில்லை.

ஆராய்ச்சிக்கு இந்த அமைதி சகிக்கவில்லை. நடு அறையில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

“டாக்டர் செஞ்சது நல்லதுதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க மாப்ளே. அவ்வளவு அடைப்பை வெச்சுக்கிட்டு இத்தனை நாள் எப்படித் தாங்கினீங்க? ஆரம்பத்துல நான் குடுத்த பொடி உள்ள போய் ஒரு அஸ்திவாரம் போட்டிருக்கு. இதைப் பத்தி வெளிநாட்டுல ஆராய்ச்சியில…”

பம்புக்காரர் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். சண்டைக்கு எழுகிறார் என்று மனைவி கஞ்சியைக் கீழே வைத்தாள். அவர் ஆராய்ச்சியின் தோளில் கையை வைத்து, கிட்டே போய், தலையைச் சாய்த்து, அவருடைய சட்டைப்பைக்கு மேல், நெஞ்சில் காதை ஒட்டி வைத்தார்.

ஆராய்ச்சியின் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது. ஆட்டிக்கொண்டிருந்த கை காற்றிலேயே நின்றது. பட்டறையில் ஜன்னலோரச் சக்கரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

பம்புக்காரர் காதை எடுக்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். ஒரு கோளாறையும் தேடாமல் அவர் எதையோ கேட்டுக்கொண்டிருப்பதை அவர் மனைவி அன்றுதான் பார்த்தாள்.

வாழ்நாளில் பிறருக்குப் பதில்களை மட்டுமே சொல்லி வந்த ஆராய்ச்சி, மிகவும் சின்னக் குரலில் கேட்டார்.

“மாப்ளே… எப்படி இருக்கு?”

பம்புக்காரர் கையை உயர்த்தி, சத்தம் போடாதே என்பதுபோல் காட்டினார்.

“கேளுங்க, மச்சான்” என்றார். “நாம பேசறது எதையும் அது காதுல போட்டுக்கல.”